இல்லாத குடைக்கு இரண்டு பக்க மறுப்பு

"அடுத்தவங்க கடிதத்தைப் பிரிச்சுப் படிக்க உனக்குக் கூச்சமா இல்லையா?"

கல்யாணமாகிப் போன முதல் வாரத்தில் மாமியார் அவளிடம் கேட்ட கேள்வி இது. அப்போது அவளுக்குத் தபால் நிலையத்தில் வேலை. முகவரி அழிந்துபோன கடிதங்கள், பாதி முகவரி எழுதிய கடிதங்கள், மழையில் கரைந்த கடிதங்கள் எல்லாம் அவள் மேசைக்கு வரும். பிரித்துப் படித்து, யாருக்கு என்று கண்டுபிடித்து அனுப்ப வேண்டும்.

"முதல் ரெண்டு வரிக்கு இருக்கும் அத்தை. அப்புறம் போயிடும்," என்றாள் அவள்.

அன்றிலிருந்து மாமியார் தன் தங்கைக்குக் கடிதம் எழுதுவதையே நிறுத்திவிட்டார். என்ன விஷயமானாலும் நேரில் போய்ச் சொல்லிவிட்டு வருவார்.

பதினாறு வருடம் அந்த மேசை. 'மாமாவுக்கு, பல் வலி தேவலையா' என்ற ஒரே வரியைப் பிடித்துக்கொண்டு, ஊரிலிருந்த மூன்று பல் வைத்தியர்களையும் விசாரித்து மாமாவைத் தேடிப் பிடித்தவள். வேலையை விட்ட பிறகு துறைமுகத்துக்கு எதிரே மாடியில் ஒரு அறை எடுத்து, 'காணாமல் போனவை கண்டுபிடித்துத் தரப்படும்' என்று பலகை மாட்டினாள். ஊர் அவளுக்கு முகவரியம்மா என்று பேர் வைத்தது.

உதவிக்கு அவள் கொழுந்தன். நாற்பது வயது, ஒற்றைக் குதிரை வண்டி ஓட்டுகிறவன். குதிரைக்குக் கடிவாளம் வாங்கியபோதே இவனுக்கும் ஒன்று வாங்கியிருக்கலாம் என்பது முகவரியம்மாவின் நெடுநாள் வருத்தம்.

அன்று மதியம் இரண்டு மணிக்குப் படியேறி வந்தவள் கையில் மூன்று மாதக் குழந்தை. அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோக்கும் கம்பாசிட்டரின் மனைவி. நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே பேச ஆரம்பித்துவிட்டாள்.

"அம்மா, எங்க வீட்டுக்காரர்தான் குளவின்னு பிடிச்சுக் கோட்டையில வச்சிருக்காங்க. நாளைக் காலையில கப்பல். தீவுச் சிறைக்கு."

கொழுந்தன் நிமிர்ந்து உட்கார்ந்தான். குளவி என்றால் என்ன என்று அந்த ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை, யார் என்று தெரியாமல் இருந்ததுதான் எல்லாருக்கும் தூக்கத்தைக் கெடுத்தது.

கதை இதுதான். கடலுக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டு இந்த ஊரை ஆண்ட அக்கரை அரசு, எட்டு மாதம் முன்பு ஒரு சட்டம் போட்டது. பன்னிரண்டு பேருக்கு மேல் ஓரிடத்தில் கூடினால் முன்னனுமதி வேண்டும். பதின்மூன்று பேர் உள்ள ஒரு குடும்பம் அன்று முதல் இரண்டு பந்தியாகச் சாப்பிட்டது. அதைக் கிண்டல் செய்து 'குளவி' என்ற பெயரில் ஒரு எட்டுப் பக்கப் பிரசுரம் வந்தது. நமக்கு வாக்குரிமை இல்லாத சபை போட்ட சட்டத்துக்கு நாம் ஏன் கட்டுப்பட வேண்டும் என்று அது கேட்டது. அதற்கு 'ராஜவிசுவாசி' என்ற பெயரில் மறுப்பு வந்தது. அது ஓய்வு பெற்ற நீதிபதி என்று ஊருக்கே தெரியும், அவரே நாலு பேரிடம் சொல்லியிருந்தார். மறுப்புக்கு மறுப்பு, அதற்கும் மறுப்பு. முடிதிருத்தும் கடையில் வாக்குவாதம் முற்றிப் பாதிச் சவரத்தில் எழுந்து போனவர்கள் உண்டு. வாரக்கணக்கில் ஒரு பக்கத் தாடியோடு நடந்தார்கள், கொள்கைக்காக.

"உங்க வீட்டுக்காரர் எழுதலைன்னு எப்படிச் சொல்றே?" என்றாள் முகவரியம்மா.

"அவருக்கு ஒரு வாக்கியம் சேர்ந்தாப்ல வராதும்மா. என்னைக் கட்டிக்கிறியான்னு கேட்டதே எப்படித் தெரியுமா? ரெண்டு மணி நேரம் பக்கத்துல உட்கார்ந்திருந்துட்டு, 'அப்புறம்?'னார். அவ்வளவுதான். நானா புரிஞ்சுக்கிட்டேன்."

"ரெண்டு மணி நேரத்துக்கு அது நல்ல வாக்கியம்தான்," என்றான் கொழுந்தன்.

"தம்பி, வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இரு. நீ சொல்லும்மா. அவர் என்ன சொல்றார்?"

"எழுதினது யார்னு தெரியாதுங்கிறார். நிஜமாவே தெரியாது. செவ்வாய்க்கிழமை விடியக்காலையில கடைக் கதவு இடுக்குல கட்டு வந்து கிடக்கும். எழுத்துக் கோத்து முடிச்சதும் மூலத்தை அடுப்புல போட்டுடுவார். ஆளுநரோட செயலாளர் நம்பலை. ஆனா நாடு கடத்தணும்னா தகுதியுள்ள ஒருத்தர் 'இது இவன் நடைதான்'னு எழுதிக் கொடுக்கணுமாம். இன்னிக்கு நாலு மணிக்கு நீதிபதி ஐயா கையெழுத்துப் போடப் போறார்."

"எதிரி எழுத்தைப் பத்திச் சான்று கொடுக்க எதிரியையே பிடிச்சிருக்காங்க," என்றாள் முகவரியம்மா. "சரி, உங்கிட்ட என்ன இருக்கு?"

அவள் குழந்தையைத் தூக்கி, அதன் அடியிலிருந்த துணி மடிப்பிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். கொஞ்சம் ஈரமாக இருந்தது.

"வீட்டையே புரட்டிப் போட்டாங்கம்மா. தொட்டிலை மட்டும் தொடலை. இவன் அப்பத்தான் தூங்கியிருந்தான். எழுப்பிட்டா யார் தூங்க வைக்கிறதுன்னு அவங்களுக்கே பயம்."

அது குளவியின் நாலாவது பிரசுரம். ஆனால் விற்பனைக்கு வந்த பிரதி இல்லை, அச்சுக்கூடத்தில் பிழை பார்ப்பதற்காக எடுத்த முதல் படி. ஆறாம் பக்கத்தில் பதினொரு வரியைச் சுற்றிப் பென்சிலில் கட்டம் போட்டுக் குறுக்கே கோடு அடித்திருந்தது.

"இது என்ன?"

"வெட்டினதும்மா. ஒரு தாளை மடிச்சா எட்டுப் பக்கம். நாலு வரி வழிஞ்சு ஒன்பதாம் பக்கத்துக்குப் போச்சுன்னா இன்னொரு தாள் வேணும். அதனால எதை எடுத்தாலும் பேச்சு ஓடுமோ, அதை அவரே எடுத்துடுவார். எழுதினவங்க இதுவரைக்கும் ஒரு வார்த்தை கேட்டதில்லை."

கொழுந்தன் குனிந்து வெட்டுப்பட்ட வரிகளைச் சத்தமாகப் படித்தான். "'அக்கரை அரசு நமக்குக் குடை என்கிறார்கள். குடைதான். பிடித்திருக்கும் கை நம்முடையது, நனையாத தலை அவர்களுடையது. கை வலிக்கிறது என்று சொன்னால் மழையை எதிர்ப்பவன் என்று பேர்.' அடடா! இதையா வெட்டினார்? அண்ணி, இவரைத் தீவுக்கு அனுப்புறது நியாயம்தான்."

கம்பாசிட்டரின் மனைவி அழத் தொடங்கினாள். கொழுந்தன் அவசரமாகத் தண்ணீர் எடுத்து வரப் போனான்.

முகவரியம்மா அலமாரிப் பக்கம் போனாள். இரண்டு கட்சிப் பிரசுரங்களும் அவளிடம் வரிசையாக இருந்தன. அவளுக்குக் கட்சி கிடையாது, படிக்கிற ஆசைதான். ராஜவிசுவாசியின் ஐந்தாவது பிரசுரத்தை எடுத்துப் புரட்டினாள். மூன்றாம் பக்கத்தில் நின்றாள். நாலாம் பக்கம் முழுவதும் படித்தாள். பிறகு திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

"தம்பி, இதைப் படி."

"'குடையைப் பற்றிக் குளவி கூறும் பிதற்றல் கவனிக்கத்தக்கது. கை வலி என்பது குடை பிடிக்கத் தெரியாதவனின் குற்றமே அன்றி...'" கொழுந்தன் நிறுத்தினான். "ரெண்டு பக்கத்துக்குக் குடைதான். இது வந்தப்போ ஊரே சிரிச்சுது அண்ணி. குளவி குடையைப் பத்தி ஒண்ணுமே சொல்லலையே, பெரியவருக்கு வயசாயிடுச்சுன்னு பேசிக்கிட்டாங்க."

"வயசாகலை. குடை இருந்திருக்கு. இந்தத் தாள்ல மட்டும்." அவள் கம்பாசிட்டர் மனைவியைப் பார்த்தாள். "இதை யார் யார் பார்த்தீங்க?"

"நானும் அவரும்தான்."

"குழந்தை?" என்றான் கொழுந்தன்.

"அப்போ பிறக்கலை."

"அப்போ சந்தேகத்துலேர்ந்து விடுவிக்கலாம்."

"நீதிபதி ஐயாவோட பிரசுரம் எங்க அச்சாகுது?" என்றாள் முகவரியம்மா.

"அரசாங்க அச்சுக்கூடத்துலம்மா. அவங்க ஆளுங்க எங்க கடைப் பக்கமே வர மாட்டாங்க."

"அப்போ அச்சாகாத வரியைத் தெரிஞ்சவங்க மூணே பேர். நீ, உன் புருஷன், குளவி. உங்க ரெண்டு பேருக்கும் ஒரு நீதிபதியைக் கூப்பிட்டுவச்சுக் குடைக்கதை சொல்ற வழக்கம் உண்டா?"

"அவர் எனக்கே சொல்ல மாட்டார்."

முகவரியம்மா செருப்பை மாட்டினாள். "வண்டியைப் பூட்டு. நாலு மணிக்குள்ள அந்தக் கையெழுத்தை நிறுத்தணும்."

வண்டி கடைத்தெருவில் திரும்பியபோது கொழுந்தன் முன்னாலிருந்து கத்தினான். "அண்ணி! கண்டுபிடிச்சுட்டேன். நீதிபதிதான் குளவி! ரெண்டு பேரிலேயும் அவரே எழுதுறார். வலது கையால அடிச்சு இடது கையால தடுக்கிறார்."

"எதுக்கு?"

"ஓய்வு பெற்ற மனுஷன். பொழுது போகணுமே."

அதைத்தான் முகவரியம்மாவும் நினைத்துக்கொண்டிருந்தாள். ஆனால் ஒரு விஷயம் ஒட்டவில்லை. தன் கையாலேயே எழுதி, தன் கையாலேயே மறைத்து வைத்த ஆள், ஊர் பார்க்காத வரிக்கு ஊர் முன்னால் பதில் சொல்லி மாட்டிக்கொள்வானா? இது மறைக்கிறவன் செய்யும் தவறு இல்லை. மறைக்க ஒன்றுமே இல்லாதவன் செய்யும் தவறு.

நீதிபதி வீட்டு வாசலில் கம்பாசிட்டரின் மனைவியைக் குழந்தையோடு வண்டியிலேயே இருக்கச் சொல்லிவிட்டு, இரண்டு பேரும் கதவைத் தட்டினார்கள். திறந்தவர் நீதிபதியின் அக்கா. எழுபது வயது, தம்பியைவிட அரை சாண் உயரம், மூக்குக்கண்ணாடி நெற்றியில். ஊருக்கு அவர் நீதிபதியாக இருக்கலாம், அந்த வீட்டில் அவர் தம்பிதான் என்பது அந்தம்மாள் கூப்பிட்ட விதத்திலேயே தெரிந்தது.

"டேய், உன்னைப் பார்க்க யாரோ வந்திருக்காங்க! சட்டைப் பொத்தானைப் போடு!"

மாடியறையில் நீதிபதி பொத்தானைப் போட்டுக்கொண்டே எழுந்தார். மேசை மேல் குளவியின் பிரசுரங்கள் விரிந்து கிடந்தன. வரிக்கு வரி சிவப்பு மை. பக்கத்தில் வெல்வெட் பெட்டியில், போன வாரக் கப்பலில் அக்கரை மன்னர் அனுப்பிய பதக்கம். அதற்குப் பக்கத்தில் கையெழுத்துக்குக் காத்திருந்த ஒரு தாள்.

"ஐயா, உங்க குடை மறுப்பு பிரமாதம்," என்று ஆரம்பித்தாள் முகவரியம்மா.

நீதிபதி முகம் மலர்ந்தது. "ஒருத்தராவது சொன்னீங்களே! ஊர்ல ஒரு பயலுக்கும் புரியலை."

"குளவி அதை எந்த இடத்துல சொல்லியிருக்குன்னு காட்ட முடியுமா?"

"ஏன் முடியாது? நாலாம் பிரசுரத்துலதான், நடுவுல எங்கயோ." எடுத்தார். ஆறாம் பக்கத்தைத் திருப்பினார். ஏழாம் பக்கத்தைத் திருப்பினார். மறுபடி ஐந்துக்கு வந்தார். "இங்கதான் இருந்துது."

"குடை நனையாம உள்ள வச்சிருப்பாங்க," என்றான் கொழுந்தன்.

"நீ யார்?"

"வண்டிக்காரன் ஐயா. குதிரை தூங்குது, அதான் மேல வந்தேன்."

நீதிபதி மற்ற பிரசுரங்களையும் இழுத்துப் போட்டுத் தேடினார். மூன்றாவது, ஐந்தாவது, மறுபடி நாலாவது. நெற்றியில் வேர்வை. நடிப்பு இல்லை என்பது முகவரியம்மாவுக்குச் சட்டென்று புரிந்தது. இந்த மனிதருக்குக் குளவி மேல் இருந்த கோபம் அசல் கோபம். கொழுந்தன் அவள் காதருகே வந்து, "அண்ணி, என் கட்சி தோத்துடுச்சு போலிருக்கே," என்றான்.

"ஐயா, தேடாதீங்க. அது அச்சாகவே இல்லை," என்று அவள் முதல் படியை மேசை மேல் வைத்தாள். "இடமில்லைன்னு கம்பாசிட்டர் வெட்டிட்டார்."

நீதிபதி கட்டம் போட்ட வரிகளைப் படித்தார். "இதேதான்! வார்த்தைக்கு வார்த்தை இதேதான்! ஆனா இதை நான் பார்த்ததில்லையே. அப்போ எங்க படிச்சேன்?"

"படிச்சிருக்க மாட்டீங்க. காதால கேட்டிருப்பீங்க."

கதவு திறந்தது. அக்கா கையில் இரண்டு தாளோடு உள்ளே வந்தார். விரல் நுனியெல்லாம் மை. "டேய், இது என்ன வார்த்தை? விசுவாசமா, வெங்காயமா? உன் கையெழுத்தை நல்ல படி எடுக்கிறதுக்குள்ள என் கண்ணு போயிடும்."

முகவரியம்மா அவர் பக்கம் திரும்பினாள். ரொம்பச் சாதாரணமாக, நலம் விசாரிப்பது போலக் கேட்டாள்.

"அம்மா, அக்கரை அரசு நமக்குக் குடை மாதிரின்னு ஐயா சொல்றாரே. நீங்க என்ன சொல்றீங்க?"

"குடைதான்," என்றார் அக்கா, தாளிலிருந்து கண்ணை எடுக்காமல். "பிடிச்சிருக்கிற கை நம்முடையது, நனையாத தலை அவங்களுடையது. சாப்பாட்டு மேசையில நூறு தடவை சொல்லியாச்சு. கை வலிக்குதுன்னு சொன்னா..."

நிறுத்தினார். மேசை மேலிருந்த தாளை அவர் அப்போதுதான் பார்த்தார்.

"...மழையை எதிர்ப்பவன் என்று பேர்," என்று முடித்தான் கொழுந்தன், தாங்க முடியாமல்.

நீதிபதி உட்கார்ந்தார். நாற்காலி இல்லாத இடத்தில் உட்காரப் போய், கொழுந்தன் அவசரமாக ஒன்றை நகர்த்தி வைத்ததால் தப்பித்தார்.

"அக்கா! நீயா?"

"நான்தான். அதுக்கு ஏன் இப்படி முழிக்கிறே?"

"எட்டு மாசமா என் எதிர்ல உட்கார்ந்து எனக்குச் சாப்பாடு போட்டுக்கிட்டே..."

"போட்டேன். நீயும் மிச்சம் வைக்காம சாப்பிட்டே."

"என் பிரசுரம் வெளியாகிற அன்னிக்கே அவன் பதில் விற்பனைக்கு வந்துது! மந்திரவாதியோன்னு நினைச்சேன்!"

"அவன் என்ன அவன்? நீ எழுதினதைப் படி எடுக்கிறது யார்? எடுக்கும்போதே எங்க ஓட்டைன்னு தெரிஞ்சுடும். உன் கட்டு அரசாங்க அச்சுக்கூடத்துக்குப் போகும், என் கட்டு கதவு இடுக்குக்குப் போகும். ஒரே நடை, காலையில காய்கறி வாங்கப் போறப்போ ரெண்டு வேலையும் முடிஞ்சுடும்."

"குடையை வெட்டினது உங்களுக்குத் தெரியாதாம்மா?" என்றாள் முகவரியம்மா.

"தெரியாதே! என் எழுத்தை அச்சுல நான் படிக்கிறதில்லை. படிச்சா இன்னும் நல்லா எழுதியிருக்கலாம்னு தோணும்." அவர் மறுபடி முதல் படியைப் பார்த்தார். முகம் சிவந்தது. "நல்ல இடமாப் பார்த்து வெட்டியிருக்கானே, பாவி!"

"அந்தப் பாவிதான் உங்களுக்காக நாளைக்குக் கப்பல் ஏறப் போறார்," என்றாள் முகவரியம்மா.

அக்காவின் குரல் இறங்கியது. "தெரியும். கம்பாசிட்டருக்குச் சம்பந்தமில்லைன்னு குளவி பேர்ல செயலாளருக்குக் கடிதம் போட்டேன். அவன் பெண்டாட்டி எழுதினதுன்னு தூக்கிப் போட்டுட்டாங்க. அதான் நானே கோட்டைக்குப் போறதுன்னு முடிவு பண்ணிட்டேன். பெட்டி கட்டி வச்சிருக்கேன். இவனோட எட்டாம் பிரசுரத்துக்குப் படி எடுத்து முடிச்சுட்டுக் கிளம்பலாம்னு பார்த்தேன். பாதியில விட்டுட்டுப் போனா இவன் கையெழுத்தை யார் படிப்பா?"

நீதிபதி வழக்கு மன்றத்தில் ஒரு சாட்சியை மடக்குகிற பழைய குரலில் கேட்டார். "படி எடுக்கிறப்போ என் எழுத்துல கை வச்சியா?"

"ரெண்டு மூணு இடத்துல. நிக்கலை, முட்டுக் கொடுத்தேன்."

"எங்க?"

"மூணாம் பிரசுரம், கடைசிப் பத்தி. நீ எழுதினது குழந்தை எழுதினது மாதிரி இருந்துது. என்ன இருந்தாலும் தம்பி தோக்கும்போது கௌரவமாத் தோக்கணும்னு நானே வேற எழுதிட்டேன்."

நீதிபதி மெதுவாக வெல்வெட் பெட்டியைத் திறந்தார். பதக்கத்தோடு வந்த கடிதத்தை எடுத்தார். "'குறிப்பாக, தங்களது மூன்றாம் பிரசுரத்தின் இறுதிப் பத்தியை மன்னர் இருமுறை படிக்கச் சொல்லிக் கேட்டார்.'"

கொழுந்தன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் தோள் குலுங்கியது.

கீழே குதிரைக் குளம்புச் சத்தம். முகவரியம்மா ஜன்னல் வழியாகப் பார்த்தாள். ஆளுநரின் செயலாளரின் கறுப்பு வண்டி. நாலு மணிக்கு இன்னும் கால் மணி இருந்தது. கடமை வீரர்கள் எப்போதும் கால் மணி முன்னாலேயே வந்துவிடுவார்கள்.

"நான் கீழ போய்ச் சொல்லிடுறேன்," என்று அக்கா கதவை நோக்கி நடந்தார்.

"நில்லு," என்றார் நீதிபதி. இத்தனை வருஷத்தில் அக்காவிடம் அவர் அந்தத் தொனியில் பேசியது அதுதான் முதல் தடவையாக இருக்க வேண்டும், அந்தம்மாள் நின்றுவிட்டார். "நீ எழுதினது ஒவ்வொரு வரியும் தப்பு. இன்னிக்கும் சொல்றேன், நாளைக்கும் சொல்லுவேன். ஆனா தப்பாச் சொல்றவளைக் கப்பல்ல ஏத்திட்டா, நான் யாருக்கு அக்கா பதில் எழுதுறது?"

செயலாளர் உள்ளே வந்தார். முப்பது வயதிருக்கும். கழுத்துப் பட்டியை இறுக்கிக் கட்டியதில் தலை தனியாக வைத்த மாதிரி இருந்தது. கையில் பேனாவையே திறந்து வைத்திருந்தார்.

"ஐயா, சான்றிதழ்ல கையெழுத்து ஆயிடுச்சா?"

"ஆகலை. ஆகாது. கம்பாசிட்டர் குளவி இல்லை."

"வேற யாராம்?"

"நான்," என்றார் நீதிபதி.

செயலாளர் சிரித்தார். வேறு யாரும் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினார். "ஐயா, நீங்க ராஜவிசுவாசி."

"அதுவும் நான்தான். முப்பது வருஷம் ரெண்டு பக்க வாதத்தையும் கேட்டே பழகினவன் தம்பி. இந்த விஷயத்துல ஒரு பக்கம்தான் இருந்துது. எதிர்க்கட்சி இல்லாம தீர்ப்பு எழுத எனக்கு வராது. அதனால எதிர்க்கட்சியையும் நானே எழுதினேன்."

முகவரியம்மா மனதுக்குள் எழுந்து நின்று கைதட்டினாள். பொய்தான், ஆனால் இந்த ஊரில் இந்த ஒரு மனிதர் சொன்னால் மட்டும் நம்பக்கூடிய பொய்.

செயலாளர் நம்பவில்லை. "அப்படியா? முதல் பிரசுரத்துல தாயைப் பத்தி வருமே, அதைப் புத்தகத்தைப் பார்க்காம சொல்லுங்க பார்ப்போம்."

அக்கா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். கொழுந்தன் கண்ணை மூடிக்கொண்டான். மற்றவர்களுக்குத் தெரியாத ஒன்று முகவரியம்மாவுக்குத் தெரிந்திருந்தது: ஒருவர் எழுத்தை, அதை வெறுக்கிறவரைவிட அக்கறையாகப் படிக்கிறவர் உலகத்தில் கிடையாது.

நீதிபதி தொண்டையைக் கனைத்தார். "'தாய் என்கிறார்கள். ஒப்புக்கொள்கிறேன். நாற்பது நாள் கப்பல் தூரத்தில் குடியிருக்கும் தாய். நாம் அழுதால் காது கேளாத தாய். நாம் சிரித்தால் மட்டும், எத்தனை பேர் சேர்ந்து சிரித்தீர்கள் என்று ஆள் அனுப்பி விசாரிக்கும் தாய்...'"

சொல்லச் சொல்ல அவர் குரல் மாறியது. முதல் வரியில் இருந்த கடுகடுப்பு மூன்றாம் வரியில் காணவில்லை. எட்டு மாதமாகச் சிவப்பு மையில் அடித்துக்கொண்டிருந்த வரிகளை அவர் முதல் தடவையாக வாய்விட்டுச் சொல்கிறார். நன்றாக இருந்தது. அது அவருக்கும் தெரிந்துவிட்டது.

"'விசாரிக்கும்' இல்லைடா," என்றார் அக்கா. "'எண்ணச் சொல்லும்.'"

கொழுந்தனுக்கு இருமல் வந்தது. அவ்வளவு பெரிய இருமல் அந்த வீட்டில் அதற்கு முன் கேட்டதில்லை. ஆனாலும் காலம் கடந்துவிட்டது. செயலாளர் திரும்பி அக்காவைப் பார்த்தார்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எப்படித் தெரியுமா?" அந்தம்மாள் மூக்குக்கண்ணாடியை இறக்கி அவரைப் பார்த்தார். "எட்டு மாசமா வீடு முழுக்க இதைத்தான் கத்திக்கிட்டு நடக்கிறான். பக்கத்து வீட்டுக் கிளிக்கே மனப்பாடம். எனக்கு ஆகாதா?"

செயலாளர் நீதிபதியைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். மறுபடி நீதிபதியைப் பார்த்தார். அவர் முட்டாள் இல்லை. எதையோ கூட்டிப் பார்ப்பது கண்ணில் தெரிந்தது. அது கூடி முடிவதற்குள் முகவரியம்மா குறுக்கே வந்தாள்.

"ஐயா, ஒரு சந்தேகம். இந்தப் பதக்கத்துக்கு மன்னருக்குச் சிபாரிசு எழுதினது யாரு?"

"நான்," என்றார் செயலாளர், யோசனை கலைந்து.

"ராஜவிசுவாசி பிரசுரத்தையெல்லாம் அரசாங்க அச்சுக்கூடத்துல போட அனுமதி கொடுத்தது?"

"நான்தான். அதுக்கென்ன?"

"ஒண்ணுமில்லை. இப்போ நீங்க இந்த வீட்டுலேர்ந்து குளவியைப் பிடிச்சுட்டுப் போனா, நாற்பது நாள் கழிச்சு அக்கரையில ஒரு கடிதத்தைப் பிரிப்பாங்க. மன்னர் ரெண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டது குளவி வீட்டுச் சரக்கு, அதைச் சிபாரிசு செஞ்சது செயலாளர்னு அதுல இருக்கும். பதினாறு வருஷம் அடுத்தவங்க கடிதம் படிச்சவள் நான். முதல் ரெண்டு வரி படிக்கும்போதே அவங்க முகம் எப்படி மாறும்னு எனக்குத் தெரியும்."

"கம்பாசிட்டரை அனுப்பினா?" என்றார் செயலாளர். குரல் மெலிந்திருந்தது.

"அப்போ நான் எட்டாம் பிரசுரம் போடுவேன்," என்றார் நீதிபதி. "குளவி, ராஜவிசுவாசி ரெண்டையும் ஒண்ணாப் போட்டு, என் சொந்தப் பேர்ல. ஒரு நிரபராதியைக் கப்பல் ஏத்தினது எப்படின்னு தலைப்பு. பதக்கத்தை நீங்க இப்பவே எடுத்துட்டுப் போகலாம்." வெல்வெட் பெட்டியை மேசை மேல் தள்ளினார்.

"வேணும்னா நான் வண்டியில கொண்டுவந்து விடுறேன்," என்றான் கொழுந்தன். "கனமா இருக்கும்."

செயலாளர் பெட்டியைத் தொடவில்லை. நின்றுகொண்டே, கையெழுத்துக்குக் காத்திருந்த சான்றிதழை எடுத்துத் திருப்பினார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. கம்பாசிட்டரை உடனே விடுவிக்கும்படி கோட்டைக்கு மூன்று வரி எழுதினார். கடைசி வரிக்குக் கீழே தன் பெயரைப் போட்டபோது பேனா தாளைக் கிழித்துவிடும் போல அழுத்தினார். எழுதியதை ஊதிக் காய வைத்தார்.

பிறகு அக்காவின் முன்னால் போய் நின்றார். வாயைத் திறந்தார். அந்தம்மாள் தலையைக் கொஞ்சம் சாய்த்து, எந்த வார்த்தையானாலும் பதில் தயாராக இருக்கிறது என்கிற மாதிரி காத்திருந்தார். அவர் வாயை மூடிக்கொண்டார். தொப்பியை எடுத்தார். படியிறங்கினார்.

மேலே நாலு பேரும் ஜன்னலுக்கு ஓடினார்கள்.

வாசலில் கொழுந்தனின் வண்டி நின்றது. உள்ளே கம்பாசிட்டரின் மனைவி குழந்தையை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். ஐந்து நாளாகக் கோட்டை வாசலில் நின்ற அந்த முகத்தைச் செயலாளருக்குத் தெரியாமல் இருக்காது. அவரைப் பார்த்ததும் அவள் குழந்தையை இறுக்கிக்கொண்டு எழுந்தாள். "ஐயா, அவருக்கு ஒரு வாக்கியம் சேர்ந்தாப்ல வராதுய்யா..." என்று ஆரம்பித்தாள்.

அவர் தாளை நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள். முதல் வரியில் உதடு அசைந்தது, இரண்டாம் வரியில் நின்றது, மூன்றாம் வரிக்குப் போகாமலே அவள் அப்படியே வண்டிப் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

அவள் நிமிர்ந்து ஏதோ கேட்டாள். மாடிக்குக் கேட்கவில்லை. செயலாளர் தன் கறுப்பு வண்டியில் ஏறி, கதவைத் தானே சாத்திக்கொண்டு போய்விட்டார்.